சீட்டை மாற்றுவதா, தோலை மாற்றுவதா?

வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் தோல் சீட் முதலில் கெடுவது ஓட்டுநர் பக்கத்தின் வலது விளிம்பில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உரசுகிற இடம் அது. மேற்பூச்சு தேயும், நிறம் வெளுக்கும், சுருக்கம் வெடிப்பாகும், கடைசியில் உள்ளே ஃபோம் தெரியும். கொழும்பிலும் சென்னையிலும் இதுவரை ஒரே கதைதான். அதன் பிறகு கார்க்காரர் எந்தத் தெருவுக்குப் போகிறார் என்பதில் இரண்டும் பிரிகின்றன. கொழும்புக்காரர் மருதானைக்குப் பக்கத்தில் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய், அதே மாடலில் கழற்றிய முழு சீட் இருக்கிறதா என்று விசாரிப்பார். சென்னைக்காரர் பெரும்பாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் காரை விட்டுப் புது உறை தைக்கச் சொல்வார். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டை அவருக்கு நினைவுக்கு வருவது சீட்டின் ஃபிரேம் வளைந்தாலோ, முன்பின் நகராமல் சிக்கிக்கொண்டாலோதான்.

வெறும் பழக்கம் என்று இதை விட்டுவிட முடியாது. கழற்றிய சீட் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

இலங்கையில் ஓடும் கார்களில் மிகப் பல, ஜப்பானில் சில ஆண்டு ஓடிவிட்டு வந்தவை. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் நன்றாக ஓடும் காரையே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். முழுதாக ஏற்றுமதி ஆகாதவை என்ஜின், கதவு, விளக்கு, சீட் எனப் பிரிந்து கன்டெய்னரில் ஏறுகின்றன. ஜப்பானிலும் இடப்பக்கப் போக்குவரத்துதான். ஆகவே அந்த ஊர் ஓட்டுநர் சீட் இலங்கைக் காரில் ஓட்டுநர் சீட்டாகவே வந்து அமர்கிறது. நான்கு போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள ஒயர்களைப் பிரித்து, வந்ததை வைத்து இறுக்கினால் வேலை முடிந்தது. தொழிற்சாலையில் இழுத்துக் கட்டிய தோல் அப்படியே இருக்கும். எந்தத் தையல்காரராலும் அந்த இறுக்கத்தை எளிதில் கொண்டுவர முடியாது.

ஆனால் ஜப்பானியர்களுக்குத் தோல் சீட்டில் நம் அளவுக்கு ஆசை கிடையாது. டொயோட்டாவின் உச்சிக் காரான செஞ்சுரியிலேயே கம்பளித் துணி சீட் மதிப்பானதாகக் கருதப்படுகிறது. அதனால் கன்டெய்னரில் வருவதில் பெரும்பகுதி துணி சீட்தான். ஹாரியர், பிராடோ போன்றவற்றின் உயர்ந்த வகைகளிலிருந்து வரும் தோல் சீட்டுக்குத்தான் போட்டி. நிறம் பொருந்துவது அடுத்த தலைவலி. ஒற்றை சீட் வாங்கினால் பக்கத்துச் சீட்டோடு சாயல் ஒட்டாது. முன்சீட் இரண்டும் பின்சீட்டும் கதவின் உட்பலகைகளும் சேர்ந்த செட்டாக வாங்குவதே அங்கு உத்தமம். கடல்வழி வந்த சீட்டில் பூஞ்சை வாசம் இருந்தால், கொழும்பின் ஈரக் காற்றில் அது போகவே போகாது. மூக்கை வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இந்தியாவுக்கு அந்தக் கடல்வழி அடைபட்டிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. பழைய உதிரிப்பாகங்களுக்கும் உரிமம் வேண்டும். எனவே புதுப்பேட்டைக்கும், டெல்லியின் மாயாபுரிக்கும், மும்பையின் குர்லாவுக்கும் வந்து சேர்பவை இந்த நாட்டிலேயே உழைத்து ஓய்ந்த கார்கள். உங்கள் காரின் சீட்டைக் கெடுத்த அதே வெயில், அதே வியர்வை, அதே தலையெண்ணெய் அதையும் கெடுத்திருக்கும். வலது விளிம்பு தேய்ந்த சீட்டுக்கு மாற்றாக வலது விளிம்பு தேய்ந்த இன்னொன்றுதான் கிடைக்கும். விபத்தில் நொறுங்கி, இன்சூரன்ஸ் நிறுவனம் முழு இழப்பு என்று தீர்த்துவிட்ட புதுசான கார் அகப்பட்டால் அது அதிர்ஷ்டம்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றின் தோல் துடைத்துப் பாலிஷ் போட்டால் பளபளக்கும். சீட்டைக் கவிழ்த்து அடியில் உள்ள தண்டவாளத்தையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். மேலே புதுசாகவும் கீழே துருவாகவும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஃபோமுக்குள் போன சேறு வெளியே வராது.

“அண்ணே, டிரைவர் சீட் தேய்ஞ்சிருக்கு, லெஃப்ட் சீட் உறை புத்தம்புதுசு, அதைக் கழட்டி இதுல மாட்டலாமா?” என்று புதுப்பேட்டையில் கேட்பவர்களைப் பார்க்கலாம். முடியாது. இரண்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல எதிரெதிரானவை. சாய்க்கும் நெம்புகோலுக்கான வெட்டு, பெல்ட் கொக்கிக்கான இடைவெளி, விளிம்பு மேட்டின் வளைவு எல்லாம் மாறி நிற்கும். நடுப்பகுதித் துண்டு மட்டும் சில மாடல்களில் பொருந்தும்.

என் மனம் உண்மையில் பொறுக்காத இடம் பின்சீட். ஓட்டுநர் சீட் தேய்ந்து நூலான காரிலும் பின்சீட்டின் சாய்வுப் பகுதி பெரும்பாலும் தொட்டதுபோலவே தெரியாது. அகலமான, தழும்பில்லாத, தொழிற்சாலைத் தரத் தோல் அது. காயலான் கடைகளில் அதைக் கிழித்துப்போட்டு இரும்பையும் ஃபோமையும் மட்டும் எடை போடுகிறார்கள். சற்றுத் தள்ளி, சீட் தேய்ந்த ஒரு கார்க்காரர் செயற்கைத் தோல் உறைக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாலைந்து கோடையில் மடிப்பு மடிப்பாக உரியக்கூடிய சரக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிட்டே பெயர் வாங்கிய ஊர்கள் உள்ள மாநிலம் இது. தோல் மண்டிகள் நிறைந்த பெரியமேடு, புதுப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் கழற்றிய தோலுக்கு மதிப்பில்லை.

அந்தப் பின்சீட் தோலை எடுத்து ஓட்டுநர் சீட்டின் தேய்ந்த துண்டுகளை மட்டும் மாற்றித் தைக்கிற வேலை, குஷன் கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. ஹாக் ரிங் எனும் கம்பி வளையங்களை வெட்டிப் பழைய உறையைக் கழற்றி, தையலைப் பிரித்து, கெட்ட துண்டையே அச்சாக வைத்துப் புதுத் துண்டை வெட்டினால் வடிவம் பிசகாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தோல் சீட் என்று விற்கப்படும் பலவற்றில் உடம்பு படும் முகப்பு மட்டுமே தோல், பக்கவாட்டும் முதுகும் வினைல். உள்பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். நார் நாராக மெத்தென்று இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் ரெக்ஸின்.

இப்படித் துண்டு மாற்றித் தைப்பது இலங்கையில் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வர வழியில்லாதபோது ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை ஓட வைத்தார்கள். சீட்டும் அப்படித்தான் பிழைத்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்ததில் கன்டெய்னர் சரக்கின் விலையும் எகிறியது. முழு சீட் வாங்கிப் பழகியவர்கள் ‘குஷன் வேர்க்ஸ்’ பலகை தொங்கும் கடைகளைத் தேடி, “பாஸ், இந்த ஓரத்தை மட்டும் செய்து தருவீங்களா?” என்று கேட்க வேண்டியதாயிற்று. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் வழி திறந்துவிட்டது. வரி குறைவில்லை, அதனால் கையில் இருக்கும் காரைப் பேணும் அக்கறை இன்னும் போகவில்லை.

இரு நாட்டிலும் ஒரே அலட்சியத்தைக் காண்கிறேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டின் தோளோரத்தில் சிறு துணிப் பட்டை ஒன்று இருக்கும், அதில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். அங்குள்ள தையல், மோதலின்போது பிரிந்து பையை வெளியே விடுவதற்காகவே திட்டமிட்டுத் தைத்தது. அதன்மேல் கெட்டி உறை போட்டாலோ, சாதாரண நைலான் நூலால் திரும்ப அடித்தாலோ பை சரியான நேரத்தில் விரியாது. முழு சீட் மாற்றும் இலங்கை முறையில் இந்தத் தையல் காப்பாற்றப்படுகிறது, ஆனால் ஏர்பேக் இல்லாத காரின் சீட்டை ஏர்பேக் உள்ள காரில் வைத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கை அணைக்க வழி பார்ப்பதும் அங்கே நடக்கிறது. தைக்கும் இந்திய முறையில் தையலே போய்விடுகிறது. சீட்டைக் கழற்றுமுன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, அதன்பிறகுதான் அடியில் உள்ள மஞ்சள் இணைப்பியைத் தொட வேண்டும். தைக்கக் கொடுத்தால் அந்த ஒரு பக்கத்துப் பழைய துண்டையும் அதன் தையலையும் அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே தோல் தேய்ந்தே இருந்தாலும் பரவாயில்லை.