நொடிவுகாலக் குடும்பமும் தமிழ் இலக்கியமும்

தமிழ் இலக்கியத்தில் வறுமை புதிய பொருளன்று. சங்கப் பாணன் முதல் மலையகத் தோட்டத் தொழிலாளி வரை வறியோர் அதன் பக்கங்களை நிறைத்து நிற்கின்றனர். ஆயினும் வறியவராக இருத்தல் வேறு, வறியவராக ஆதல் வேறு. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் 'நொடிஞ்சு போன குடும்பம்' என்றொரு தொடர் உண்டு. பரம்பரையாக ஏழ்மையில் வாழும் குடும்பத்தை எவரும் அவ்வாறு குறிப்பிடுவதில்லை. நேற்று வேறுவிதமாக வாழ்ந்து இன்று தாழ்ந்த குடும்பமே அப்பெயரைப் பெறும். அத்தொடரினுள்ளே காலம் இருக்கிறது. அயலவரின் பார்வை இருக்கிறது. அப்பார்வைக்கு அஞ்சும் மானமும் இருக்கிறது. வறுமையை இடையறாது பாடியும் எழுதியும் வந்த தமிழ் இலக்கியம் இந்த நொடிவை எவ்வளவு தூரம் கண்டுகொண்டது என்பது ஆராயத்தக்கது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இந்நாட்டின் குடும்பங்கள் அனுபவித்த பின்னர் இவ்வினாவைத் தள்ளிவைத்தல் இயலாது.

சங்கச் செய்யுள்களின் வறுமைச் சித்திரங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்று கூறுவோர் உளர். சமைத்தலை மறந்த அடுப்பு, அதிற் பூத்த காளான், பால் வற்றிய முலை, குப்பைக் கீரை ஆகியன மீண்டும் மீண்டும் வருதல் உண்மையே. ஆனால் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், இம்மரபுக் காட்சிகளின் நடுவே, ஒரு செயல் இடம்பெறுகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். பின்னர், அறியாதோர் காண்பதற்கு நாணி, வாயிற் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்கிறாள். உப்பில்லாமை அவ்வீட்டின் இல்லாமையை அளந்து காட்டுகிறது. கதவடைப்போ அக்குடும்பம் தன்னைப் பற்றி இன்னும் கொண்டிருக்கும் மதிப்பைக் காட்டுகிறது. வறுமைக்கே பழகிப்போன வீட்டுக்குக் கதவு தேவைப்படாது.

இதிலே ஒரு முரண் உண்டு. அவள் நாணி அடைத்த கதவைப் பாணன் திறந்து ஊருக்குக் காட்டுகிறான். நல்லியக்கோடனின் கொடையைப் புகழ்வதற்கு அந்த உப்பில்லாக் கீரை அவனுக்கு வேண்டியிருக்கிறது. பெருஞ்சித்திரனார் குமணனை நாடிப் பாடிய புறநானூற்றுச் செய்யுளிலும் (160) இதுவே நிகழ்கிறது. பசித்த மகன் வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறதென்று சொல்லிப் பார்க்கிறாள். நிலவைக் காட்டிப் பார்க்கிறாள். தந்தைமீது உனக்குள்ள கோபத்தை எப்படிக் காட்டுவாய், காட்டு என்று கேட்டுப் பார்க்கிறாள். ஒரு வேளை உணவை ஒத்திப்போடுவதற்கு ஒரு பெண் கையாண்ட உபாயங்களின் நிரல் இது. வேறெந்த ஆவணத்திலும் பதிவாகாத இச்செய்தி, உதவி வேண்டி நின்ற கணவனின் வாயிலாகவே இலக்கியத்துக்கு வந்து சேர்ந்தது. குடும்பத்தின் இடர்ப்பாடு வெளியாருக்காகச் சொல்லப்படும்போது மட்டுமே எழுத்தில் ஏறுகிறது என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

இதற்கு விதிவிலக்கானது 163ஆம் செய்யுள். குமணனிடம் பெற்ற செல்வத்தோடு வீடு திரும்பிய புலவர் மனைவியை நோக்கிப் பேசுகிறார். உன்னை விரும்புவோர்க்குக் கொடு, நீ விரும்புவோர்க்குக் கொடு, சுற்றத்து முதுபெண்டிர்க்குக் கொடு, குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடு என்கிறார். என்னைக் கலந்தாலோசிக்கவும் வேண்டாம் என்கிறார். இச்செய்யுள் பெரும்பாலும் புலவரின் வள்ளன்மைக்குச் சான்றாகவே வகுப்பறைகளிற் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அதனை வேறு விதமாகவும் வாசிக்கலாம். யார் யார் எவ்வளவு கொடுத்து அக்குடும்பத்தைத் தாங்கினார்கள் என்பது புலவருக்குத் தெரியாது. அந்தக் கணக்கு மனைவியிடமே இருக்கிறது. ஆலோசிக்க வேண்டாம் என்ற சொல், பெருந்தன்மையோடு அந்த அறியாமையையும் ஒப்புக்கொள்கிறது.

குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பிக் கொடுப்பது. ஒரு சுண்டு அரிசி, ஒரு பேணி சீனி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என இன்றும் வேலிக்கு மேலாகக் கைமாறுவது அதுவே. வள்ளுவர் வறியவர்க்குக் கொடுப்பதையே ஈகையென்று கூறி, ஏனையவற்றைக் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என ஒதுக்கினார். அறநூலார் நோக்கில் அது சரியே. கதவை அடைத்து உண்டவளின் தராசிலோ குறியெதிர்ப்பையே மேலானதாக நிற்கும். வாங்குபவரை இரவலர் ஆக்காத உதவி அது ஒன்றுதான்.

நவீன காலத்துக்கு வரும்போது புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' தவிர்க்க இயலாத சிறுகதையாகிறது. உலகப் பொருளாதார மந்தம் தமிழகத்தையும் தாக்கிய 1930களில், எழுத்தை நம்பி நகரத்திற் குடித்தனம் நடத்தும் முருகதாசரின் ஒரு நாள் அது. வருகின்ற நண்பரிடம் சில்லறைக் கடன் கேட்பதும், கிடைத்ததைக் கொண்டு அன்றைய பொழுதைத் தள்ளுவதும் தவிரக் கதையில் நிகழ்வது குறைவு. புலம்பலின்றி, ஏளனத்தின் சாயலோடு அது சொல்லப்படுவதனாலேயே அக்கதை இன்றும் நிலைக்கிறது. நடுத்தரக் குடும்பம் தன் இல்லாமையை நகைச்சுவையாக மாற்றி விருந்தினருக்கு முன் வைக்கும் கலையை அதுபோற் காட்டிய கதை தமிழில் அரிது. எனினும் கதையின் பார்வை கணவனோடேயே நின்றுவிடுகிறது.

ஈழத்தில் நிலை எவ்வாறிருந்தது? முற்போக்கு இயக்கத்தின் பங்களிப்பை எவரும் மறுக்க முடியாது. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்கள் இலக்கியத்தில் இடமற்றிருந்த மக்களை அதன் நடுவே கொணர்ந்தன. ஆனால் இவற்றின் மாந்தர் முதற் பக்கத்திலும் ஏழைகள்; இறுதிப் பக்கத்திலும் ஏழைகள். இடையில் மாறுவது அவர்களின் பிரக்ஞை. இது குறையன்று; அந்நாவல்களின் நோக்கமே அதுதான். ஆனால் அந்நோக்கம் ஓர் இலக்கணமாக இறுகியபோது, விலையேற்றத்தால் ஒரு குடும்பம் படிப்படியாகத் தன் வழக்கங்களைக் கைவிடும் கதை 'குட்டி முதலாளித்துவ' அலுப்பாகக் கருதப்பட்டது. விமர்சகர்களுக்கும் இதில் பங்குண்டு. கூட்டுறவுச் சங்கக் கடையின் முன்னால் வரிசையில் நின்று கோஷமெழுப்பியவன் கதைத்தலைவன் ஆனான். வரிசையிற் பெற்ற மாவை ஏழு பேருக்குப் பகிர்ந்தவள் ஆகவில்லை.

நொடிவையே நாவலின் எலும்பாகக் கொண்ட படைப்பைத் தேடுவோர் சிங்கள இலக்கியத்தின் பக்கம் திரும்பவேண்டியுள்ளது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' (1944) தென்னிலங்கைக் கிராமமொன்றின் பெரிய வீடு மெல்ல மெல்லச் சிதைவதைச் சொல்கிறது. முன்னர் அவ்வீட்டாரால் தகுதியற்றவனென ஒதுக்கப்பட்ட பியல் வணிகத்தால் உயர்கிறான். வீட்டாரோ வருமானம் போன பின்னரும் வரிசைகளைக் கைவிட மனமின்றி இருக்கின்றனர். பொருளாதார மாற்றத்தை வரலாற்று நூலாகச் சொல்லாமல் சுவர்களின் பழுதாகவும் கலியாணப் பேச்சாகவும் சொல்லியதே விக்கிரமசிங்கவின் சாதனை.

இத்தகைய நாவலுக்கு வேண்டிய மூலப்பொருள் தமிழ்ப் பிரதேசங்களில் இல்லாமலில்லை. 1970 முதல் 1977 வரையிலான ஆண்டுகளை நோக்கினாற் போதும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், 1973இல் உலகச் சந்தையில் ஏறிய எண்ணெய், தானிய விலைகளும் சேர்ந்து இறக்குமதியை நெருக்கின. பாணுக்கு விடியுமுன் வரிசை; அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு; சோற்றுக்குப் பதில் மரவள்ளி. மலையகத் தோட்டங்களில் 1973-74 காலப் பஞ்சம் உயிர்களையே பறித்தது. அதே ஆண்டுகளில், இறக்குமதித் தடையின் காரணமாக, யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னெப்போதும் இல்லாத விலை கிடைத்தது. செம்மண் தோட்டங்களை உடையோர் கல்வீடு கட்டினர். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து கொழும்புக் கடைகள் நிரம்பியபோது நொடிந்தவர்கள் இவர்களே. ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் மக்களுக்குள், ஒருவரின் தட்டுப்பாட்டுக் காலம் மற்றவரின் செழிப்புக் காலமாக இருந்தது. 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் இதனை எழுத முடியாது. தோட்டத்து லயத்திலிருந்து யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டத்துக்குக் கூலியாக வந்த ஒருவனின் கண்வழியே இக்காலத்தைப் பார்க்கும் நாவல் ஒன்று எழுதப்பட்டிருந்தால் ஈழத்து இலக்கியம் எவ்வளவோ செழித்திருக்கும்.

2022இன் நெருக்கடியும் அவ்வாறே பலமுகம் கொண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதாக அறிவித்தது. குடும்பங்கள் அதற்கு முன்னரே அறிந்திருந்தன. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைப்பது அரிதாயிற்று. முற்றமுள்ள வீடுகளில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினர். கொழும்பு மாடிக் குடியிருப்பில் வாழ்ந்தோருக்கு அந்த வழியும் இல்லை. டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் அதே 100 டொலர் அயல்வீட்டில் 36,000 ரூபாவாக வந்து சேர்ந்தது. மீனவக் குடும்பத்திலோ ஒகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தது.

இந்நெருக்கடியைப் பதிவு செய்ய முற்பட்ட கவிதைகளும் குறிப்புகளும் பெரிதும் இரு காட்சிகளையே நாடுகின்றன: எரிபொருள் வரிசை, காலிமுகத்திடல். இரண்டும் முக்கியமானவையே. வரிசையில் நின்று மாண்டவர்களை மறத்தல் தகாது. ஆனால் வரிசை என்பது குடும்பம் வெளியே அனுப்பிய ஒருவரின் அனுபவம். வீட்டினுள் நிகழ்ந்தது வேறு. தேநீரிலிருந்து முதலிற் பால் போயிற்று; பிறகு கரண்டிக் கணக்கிற் சீனி குறைந்தது. பிள்ளைக்கு முட்டை வைக்கும் நாட்கள் அரிதாயின. தாய் 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லும் வேளைகள் பெருகின. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர், 1990களின் பொருளாதாரத் தடையில் ஜாம்போத்தல் விளக்கில் படித்த நினைவைக் கொண்டு, இதெல்லாம் தமக்குப் புதிதல்ல என்றனர். அக்கூற்றில் உண்மையும் உண்டு, ஒரு வகைப் பெருமிதமும் உண்டு. பெருமிதம் கதவடைப்பின் இன்னொரு வடிவம் என்பதை எழுத்தாளர் கவனிக்கவேண்டும்.

பெருஞ்சித்திரனாரின் மனைவி வைத்திருந்த கணக்கு இக்காலத்தில் எப்படியாயிற்று என்பதே மிகச் சுவையான பொருள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா வேண்டும். மூலைக்கடைக்காரன் நேற்றைய விலைக்குக் கடன் கொடுத்து நாளைய விலைக்குச் சரக்கெடுக்க வேண்டியவனாதலின், கொப்பிக் கணக்கு அவனுக்குக் கட்டுபடியாகாது. வேலிக்கு மேலாகக் கைமாறிய சீனிக்கோ விலையேற்றம் பொருட்டன்று. வாங்கியது ஒரு பேணி, திரும்பியதும் ஒரு பேணி. பொருளியலாளர் நீண்ட விளக்கம் கூறும் ஒன்றைக் குறியெதிர்ப்பை என்ற ஒரு சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

சீட்டின் கதை இதற்கு நேர் மாறானது. மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் பெண்கள் பன்னிருவர் கொண்ட சீட்டில், முதல் மாதம் எடுத்தவள் பழைய விலைக்குப் பொருள் வாங்கினாள். மகளின் கலியாணத்துக்கென்று பொறுத்திருந்து கடைசியில் எடுத்தவளின் கையில் அதே தொகை பாதி மதிப்போடு வந்து விழுந்தது. சீட்டுப் பிடித்தவள் ஒரு சதமும் குறைக்கவில்லை. எவரும் கட்டத் தவறவில்லை. அவள் பணத்தை எண்ணிப் பார்த்துச் சரியென்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பாள். முற்போக்குப் புனைகதையிற் பயின்ற கைக்கு இவளைப் பற்றி எழுதுதல் எளிதாயிராது. அக்கதைகளிற் பழகிய முதலாளியும் வட்டிக்காரனும் இவளது வாசலுக்கு வரவேயில்லை.