பிராபஸ்: கூட்டிய திறனும் கட்டிய விசையும்

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் பொட்ரோப். கிளவுஸ் பிராக்மன், போடோ புஷ்மன் என்ற இருவர் 1977-இல் அங்கே தொடங்கிய பிராபஸ் நிறுவனம், மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைப் பிரித்து, இன்ஜின் முதல் இருக்கைத் தோல்வரை மாற்றிப் பல மடங்கு வேலைப்பாட்டோடு திருப்பித் தருவதையே தொழிலாகக் கொண்டது. இதே வேலையை 1967 முதல் செய்துவந்த ஏஎம்ஜி, 1999-இல் பெரும்பங்காகவும் 2005-இல் முழுமையாகவும் மெர்சிடிஸின் தாய் நிறுவனத்துக்குள் போய்விட்டது. பிஎம்டபிள்யூ கார்களில் பெயரெடுத்த ஆல்பினாவின் வணிகப்பெயரையும் 2022-இல் பிஎம்டபிள்யூவே வாங்கிக்கொண்டது. இந்த மூன்றில் பிராபஸ் மட்டும் இன்னும் வெளியில் நிற்கிறது. ட்யூனிங் என்ற தொழிலின் நிறைகுறைகளை எடைபோட அதனால் அதுவே பொருத்தமான சான்று.

டர்போ இன்ஜினில் திறனைக் கூட்டுவது பெரிய வித்தையன்று. டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, அதற்கேற்பப் பெட்ரோலையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றினால் குதிரைத்திறன் ஏறிவிடும். இன்றைய கார்களில் இவற்றையெல்லாம் ஆள்வது ஈசியூ என்னும் கணினிப் பெட்டி. ஆகவே மென்பொருளைத் திருத்தினாலே கணிசமான பலன் கிடைக்கும். அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. தரம் குறைந்த பெட்ரோல், பாலைவன வெயில், மலையேற்றம், சர்வீஸுக்கே விடாத உரிமையாளர் என எல்லாவற்றையும் எண்ணித் தொழிற்சாலை ஓர் இடைவெளி விட்டுவைக்கிறது. ட்யூனர் செலவழிப்பது அந்த இடைவெளியைத்தான். அளவு மீறினால் கலவை தன் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று அஞ்சுவது இதையே.

மென்பொருளோடு நின்றுவிடாததுதான் பிராபஸின் பலம். மெர்சிடிஸின் ஜி 63 காரை அடிப்படையாக வைத்து 2021-இல் அது வெளியிட்ட 900 ராக்கெட் எடிஷன் இதற்கு உதாரணம். 4.0 லிட்டர் வி8 இன்ஜினைப் பிரித்து, கிராங்க்ஷாஃப்ட், பிஸ்டன், கனெக்டிங் ராடு ஆகியவற்றை மாற்றிக் கொள்ளளவை 4.5 லிட்டராக்கி, பெரிய டர்போக்களைப் பொருத்தினார்கள். 585 குதிரைத்திறன் 900 ஆயிற்று. முறுக்கு விசை 1,250 நியூட்டன் மீட்டர். ஆனால் அது 1,050-க்கு மேல் போகாதபடி மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்டது. சிஎல்எஸ் காரின் உடலில் வி12 இன்ஜினை வைத்து 2006-இல் செய்த ராக்கெட்டிலும் இதே கதை: இன்ஜின் தரக்கூடியது 1,320, சக்கரத்துக்குப் போக விட்டது 1,100. கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் டயரும் அதற்கு மேல் தாங்கா என்பதே இதன் பொருள்.

இந்தக் கட்டுப்பாட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். காரை ஒரே அமைப்பாகப் பார்க்கத் தெரிந்த பொறியாளரின் நிதானம் என்பது ஒன்று. ஓட்டுநர் ஒருபோதும் தொட முடியாத விசைக்கும் சேர்த்து விலை வாங்குவது என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை, பெரிய எண்ணை விளம்பரத்தின் முன்வரிசையிலும் சிறிய எண்ணை அடுத்த வரியிலும் போடும் வழக்கத்தை மட்டும் பாராட்ட முடியாது.

ஓட்டும்போது கிடைக்கும் பலனும் எண்களின் பிரமாண்டத்துக்கு ஈடாக வருவதில்லை. அதிவேகத்தில் காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. எனவே திறன் 54 விழுக்காடு கூடினாலும், உச்ச வேகம் கணக்குப்படி 15 விழுக்காட்டை ஒட்டியே கூடும். செங்கல் போன்ற உருவமுள்ள ஜி காரில் இது பளிச்சென்று தெரிகிறது: 900 குதிரைத்திறன் இருந்தும் ராக்கெட்டின் உச்ச வேகம் மணிக்கு 280 கி.மீ.தான். நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட ஜி 63-க்கு 4.5 விநாடி, இதற்கு 3.7. சுமார் இரண்டரை டன் எடையுள்ள வண்டிக்கு அது வியப்பான வேகமே. ஆனால் அதே காரில் மாட்டும் 24 அங்குலச் சக்கரங்களில் டயரின் பக்கச்சுவர் ஒடுங்கிவிடுகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பரைக் குறைத்துவிட்டு, அந்த வேலையை சஸ்பென்ஷன் தலையில் கட்டுவதைப் பொறியியல் காரணம் சொல்லி நியாயப்படுத்துவது கடினம். அது அழகுக்காகச் செய்வது.

பொறுப்பேற்பதில் பிராபஸ் சிறு பட்டறைகளைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. தொழிற்சாலையின் உத்தரவாதம், மாற்றப்பட்ட இன்ஜினை அப்படியே காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இடத்தில் மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை தன் உத்தரவாதத்தைப் பிராபஸ் தருகிறது. ஜெர்மன் சட்டமும் காவலாக இருக்கிறது. புகையையோ சத்தத்தையோ மோசமாக்கும் மாற்றம், ஆபத்தை விளைவிக்கக்கூடிய மாற்றம் ஆகியவற்றைச் செய்தால் காரின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். டியூவி போன்ற அமைப்புகள் சோதித்துச் சான்று தந்தாக வேண்டும். மடிக்கணினியை இணைத்து அரைமணி நேரத்தில் டர்போ அழுத்தத்தை ஏற்றிவிட்டு, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் கழற்றிப்போடும் கடைகளையும் பிராபஸையும் ஒரே ‘ட்யூனிங்’ என்ற பெயரில் அழைப்பதால்தான் இந்தத் தொழில் பற்றிய விவாதம் குழம்புகிறது. ஆனாலும் சான்றிதழ் பெற்ற எக்ஸாஸ்ட்டிலும்கூட ஒரு பட்டனை அழுத்தினால் வால்வு திறந்து உறுமுவது, வாங்குபவருக்கு இன்பம். விடியற்காலையில் அந்தத் தெருவில் தூங்குபவருக்கு அப்படியில்லை.

பிராபஸுக்கு இன்றுள்ள பெரிய நெருக்கடி தொழிற்சாலையே அதன் வேலையைச் செய்யத் தொடங்கியதுதான். 1996-இல் பிராபஸ் இ கிளாஸுக்குள் 7.3 லிட்டர் வி12 இன்ஜினைத் திணித்து, 582 குதிரைத்திறனும் மணிக்கு 330 கி.மீ. வேகமும் தந்தபோது, மெர்சிடிஸ் அந்த மாதிரியில் வி12 இன்ஜினை விற்றதே இல்லை. இல்லாத ஒன்றைப் பிராபஸ் உண்டாக்கியது. பின்னாளில் இ கிளாஸின் ஏஎம்ஜி வடிவம் கடையிலேயே 600 குதிரைத்திறனைத் தாண்டியது. இருப்பதை இன்னும் கொஞ்சம் கூட்டுவதே பிராபஸின் பங்காகிவிட, தையல் போட்ட தோல், கார்பன் ஃபைபர், படகு, மோட்டார் சைக்கிள் என்று அதன் கவனம் பரவியிருக்கிறது.

மின்சாரக் கார் இந்த இடத்தை இன்னும் சுருக்குகிறது. கூட்டுவதற்கு அதில் டர்போ அழுத்தம் இல்லை. பேட்டரியின் மின்னோட்ட வரம்பும் மென்பொருளும் தயாரிப்பாளர் கையில் இருக்கின்றன. மெர்சிடிஸின் மின்சாரக் காரான ஈக்யூஎஸ்ஸுக்குப் பிராபஸ் செய்த உடற்பாகங்கள் காற்றுத் தடையைச் சராசரியாக 7 விழுக்காடு போலக் குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. ஒரே சார்ஜில் ஓடும் தூரம் அதனால் நீள்கிறது, குதிரைத்திறனில் மாற்றமில்லை.