வாயிலிருந்து ஒரு சாண்

மைக்கைச் சோதித்துப் பார்க்க ஈப்போவின் குனோங் ராபாட்டில் ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு தாமான் வீட்டின் முன்கூடம் போதும். தரையெல்லாம் வழவழவென்று டைல்ஸ், மூன்று பக்கமும் வெறுஞ்சுவர், தலைக்கு மேல் ஓயாமல் சுற்றும் காற்றாடி. வெளியே ரொட்டி பாய் ஹாரன் அடித்துக்கொண்டு போவார். பள்ளி விடும் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டும். மதியம் தாண்டினால் மழை. கார் நிறுத்துமிடத்துத் தகரக் கூரையில் அது இறங்கினால் எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவியின் குரலைத் தெளிவாகப் பிடிக்கும் மைக் எது என்பதுதான் என் கேள்வி.

மேடைக்கோ யூடியூப்புக்கோ நான் மைக் தேடவில்லை. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ போன பிறகு ஈப்போ ஓரத்தில் வந்து குடியேறிய பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் பிடித்து வைக்க வேண்டும். தோட்டக் கூலிகளாக ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதற்கு முன் கங்காணியோடு கப்பலேறி வந்த பெரியவர்கள் இப்போது நம்மிடம் இல்லை. லயத்தில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கே எண்பதும் தொண்ணூறும் ஆகிவிட்டது. 1942, 43இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்கு அப்பாவைப் பிடித்துப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்களில்தான் மிச்சம். சிங்கப்பூர் 1979இலேயே வாய்மொழி வரலாற்றுக்கு அரசு நிலையம் ஒன்றைத் தொடங்கிவிட்டது. தமிழ்ப் பேட்டிகளும் அங்கே இருக்கின்றன. நம் பக்கத்தில் இந்த வேலை பெரும்பாலும் பேரப்பிள்ளைகளின் தலையிலும் பையிலும்தான் விழுகிறது. அதனால் மைக்குக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் செலவழிப்பதில்லை என்று எல்லை போட்டுக்கொண்டேன்.

கைப்பேசி போதாதா என்று கேட்பார்கள். அவசரத்துக்குப் போதும். ஆனால் சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பல கைப்பேசிகள் குரலின் ஓரங்களையும் சேர்த்துச் சீவிவிடுகின்றன. பாட்டி முணுமுணுப்பாகப் பாட ஆரம்பிக்கும்போது அதையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். நடுவில் அழைப்பு வேறு வரும். சில நூறு வெள்ளியில் கிடைக்கும் ஸூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், 2024இல் வந்த ஸூம் எச்1எசென்ஷியல் போன்ற கையடக்க ரெக்கார்டர்களில் இந்தத் தொல்லை இல்லை.

இவை எல்லாவற்றிலும் வெளி மைக்குக்கு இருப்பது ஒரே ஒரு 3.5 மில்லிமீட்டர் துளைதான். ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் அதில் வராது. ‘பிளக்-இன் பவர்’ என்று சொல்லப்படும் இரண்டரை வோல்ட் போலச் சின்ன மின்சாரம்தான் வரும். அதையும் மெனுவுக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். புது மைக்கைச் செருகியும் சத்தமே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். மைக்கின் மேல் பழியைப் போட்டுத் திருப்பி அனுப்புவதற்கு முன் மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

விலை மலிவான ரெக்கார்டரின் பலவீனம் அதன் உள்ளே இருக்கும் ஆம்பிளிஃபையர். மைக்கிலிருந்து மெல்லிய சத்தம் வந்தால் அதைத் தூக்கிவிட கெயினை ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும். ஆகவே இந்த வகைக் கருவிக்குப் பொருத்தமான மைக், குரலை உரக்கக் கொண்டுவந்து கொடுக்கும் மைக். அதற்கு மலிவான வழி அருகில் வைப்பது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் இறங்குகிறது. வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 80 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் போச்சு. காற்றாடியின் சத்தமோ அப்படியே நிற்கும். மேசையில் ரெக்கார்டரை வைத்துவிட்டு அதன் சொந்த மைக்கிலேயே பேட்டி எடுப்பவர்களின் பதிவில் பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் போட்டியில் முதலில் நிற்பது காலர் மைக். போயா பிஒய்-எம்1 நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. கம்பி 6 மீட்டர் நீளம். அந்த நீளம் விளம்பரத்துக்காகச் சேர்த்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் கண் முன்னால் கருவி மின்னிக்கொண்டிருந்தால் பெரியவர்கள் அதைப் பார்த்தே பேசுவார்கள், செய்தி வாசிப்பது போல. 6 மீட்டர் இருந்தால் ரெக்கார்டரைச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோய்விடலாம். கால் மணி நேரத்தில் மைக்கையே மறந்துவிடுகிறார்கள். எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் ஒரே அளவில் வாங்கும் மைக் என்பதால் பாட்டி தலையைத் திருப்பிப் பேரனை அதட்டினாலும் குரல் அறுந்துபோகாது. உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி. கம்பியில் ஒரு சுவிட்ச் உண்டு: கைப்பேசிக்கு ஒரு நிலை, கேமராவுக்கு ஒரு நிலை. ரெக்கார்டருக்குக் கேமரா நிலைதான். முடிந்ததும் அணைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும். ஒரு அட்டை பேட்டரி வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. இணையச் சந்தையில் இந்த மாடலுக்குப் போலிச் சரக்கும் உலவுகிறது. நம்ப முடியாத விலையைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

பேட்டரித் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குச் சோனி இசிஎம்-சிஎஸ்3 இருக்கிறது. பிளக்-இன் பவரிலேயே ஓடும், சட்டையில் மாட்டிக்கொள்ள வாட்டமான கிளிப். கம்பி சின்னது. ரெக்கார்டரைப் பேசுபவரின் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கும்.

காலர் மைக் வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது கைப்பேசிக்கான நாலுமுனை. இரண்டு என்றால் கேமரா, ரெக்கார்டருக்கான மூன்றுமுனை. கைப்பேசிக்கென்றே செய்த ரோட் ஸ்மார்ட்லேவ் பிளஸ் போன்றவற்றை நேரே செருகினால் வேலை நடக்காது, தனி அடாப்டர் வேண்டும். போயாவும் நாலுமுனைதான், ஆனால் அந்தச் சுவிட்ச் அதைச் சமாளித்துவிடுகிறது.

மாட்டும் இடம்தான் இந்த வேலையில் பாதி. வாயிலிருந்து ஒரு சாண், நெஞ்சின் நடுவில் என்று எல்லாக் கையேடும் சொல்லும். சேலை கட்டிய பாட்டிக்கு அந்த இடத்தில் தாலிக்கொடி இருக்கும், அதன் மேல் ஒரு சங்கிலி, சில வீடுகளில் துளசி மணியும். ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் ‘டிக்’ என்று மைக்கில் தட்டும். “ஏம்பா, இத எதுக்கு என் தாலிகிட்ட கொண்டாந்து மாட்டுற?” என்று ஒரு பாட்டி கேட்டது பதிவிலேயே இருக்கிறது, பின்னணியில் டிக் டிக் சகிதம். தோளில் முந்தானை மடிப்பின் ஓரம், சங்கிலி தொடாத பக்கமாக மாட்டுவது மேல். பட்டு, பாலியெஸ்டர் இரண்டும் சரசரக்கும். பருத்தி நல்ல பிள்ளை. வீட்டில் நைட்டியோ கைலியும் ரவிக்கையுமாகவோ இருப்பவர்களை அப்படியே விடுங்கள், பதிவுக்காகச் சேலை மாற்றச் சொல்ல வேண்டாம். சத்தத்துக்கும் அதுதான் நல்லது, பேச்சுக்கும் அதுதான் நல்லது. கம்பியைக் கிளிப்புக்குக் கீழே சின்ன வளையமாகச் சுற்றி மருந்துக்கடை டேப்பால் துணியோடு ஒட்டிவிட்டால், கையை ஆட்டி, தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தைக் காட்டும்போது இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. வெற்றிலை போடுபவராக இருந்தால் முதலில் போட்டு முடிக்கட்டும்.

கேமராவின் மேல் மாட்டும் ஷாட்கன் மைக்குகளைத்தான் கடைக்காரர்கள் அதிகம் தள்ளுகிறார்கள். டாக்ஸ்டார் எஸ்ஜிசி-598, ரோட் வீடியோமைக்ரோ இரண்டும் அந்த வகையில் பேர் வாங்கியவை. டாக்ஸ்டார் ஒரு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும், 10 டெசிபல் ஏற்றும் சுவிட்ச் அதிலேயே இருக்கிறது. மலிவு ரெக்கார்டருக்கு அது உண்மையிலேயே உதவி. வீடியோமைக்ரோ பேட்டரி இல்லாமல் பிளக்-இன் பவரில் ஓடும், காற்றுக்கு ரோமத் தொப்பியும் கூடவே தருகிறார்கள். திறந்த வெளியில், கோயில் வாசலில், பசார் மாலாமில் நின்று பேசுபவரிடம் நீட்டிக் கேட்க இவை தோது. முன்கூடத்துப் பேட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வளவு குட்டையான குழல் உயர் சுருதிச் சத்தத்தை மட்டும்தான் பக்கவாட்டில் தடுக்கும். காற்றாடியின் தாழ்ந்த உறுமலும் டைல்ஸ் தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் தாராளமாக உள்ளே வரும். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி என்று பேரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

பெரிங்கர் எக்ஸ்எம்8500 போன்ற கைமைக்குகள் விலைக்கு நல்ல சரக்குதான். ஆனால் அவை எக்ஸ்எல்ஆர் துளை உள்ள கருவிக்கானவை. மாற்றுக் கம்பி போட்டுச் சின்ன ரெக்கார்டரில் செருகினால் சமிக்ஞை பலவீனமாக வந்து, முன்னே சொன்ன இரைச்சலில் போய் முடியும்.

பாட்டு என்று வரும்போது காலர் மைக்குக்குத் திணறல். ஒருவர் தாலாட்டோ ஒப்பாரியோ பாடினால் பிரச்சினை இல்லை. கெயினைக் கொஞ்சம் இறக்கினால் போதும். மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து கும்மிப் பாட்டை ஞாபகப்படுத்திப் பாடும்போது ஒருத்தி குரல் மட்டும் முன்னே நிற்கும். இதற்கு ரெக்கார்டரின் சொந்த ஸ்டீரியோ மைக்கே மேல். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் ஜப்பானின் பிரிமோ இஎம்272 காப்ஸ்யூலில் செய்த ஜோடி மைக். அதன் சொந்த இரைச்சல் சுமார் 14 டெசிபல்தான் என்பதால் பறவைக் குரல் பதிவு செய்பவர்கள் கொண்டாடுகிறார்கள். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் காப்ஸ்யூல் வரவழைத்துத் தானே செய்துகொள்ளலாம். தயாராக வாங்கினால் என் எல்லையைத் தாண்டிவிடும்.

குனோங் செரோ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் உறுமி மேளம் பதிவு செய்யப் போகிறவர்கள் வெளி மைக்கை வீட்டிலேயே வைத்துவிடலாம். அந்தச் சத்தத்துக்குக் காலர் மைக் உடைந்துபோன ஒலியைத்தான் கொடுக்கும். எச்1எசென்ஷியலின் 32 பிட் ஃப்ளோட் பதிவு முறை இதைக் காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரெக்கார்டருக்குள் ஒலி உச்சம் தட்டுவதை அது காப்பாற்றும். மைக்கின் தலையே திணறினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. நம் ஊர்ச் சுண்ணாம்புக் குகைகள் வேறு ரகம். கெக் லோக் தோங்கில் ஒரு சொல் சொன்னால் அது சுவரெல்லாம் சுற்றி வரும். அங்கே பேட்டி எடுக்க யாராவது ஆசைப்பட்டால் குகைக்கு வெளியே தோட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

வீட்டு எதிரொலிக்கு மருந்து மைக்கில் இல்லை, பாயில் இருக்கிறது. தரையில் இரண்டு பாய், நாற்காலிக்குப் பின்னால் ஒரு கம்பளி. துணி அலமாரி இருக்கும் படுக்கையறை இன்னும் நல்லது. காற்றாடியை அணைக்கச் சொல்லாதீர்கள்; ஈப்போ வெயிலில் எண்பது வயது உடம்பு தாங்காது. கூரைக் காற்றாடிக்குப் பதில் நிற்கும் காற்றாடி ஒன்றைப் பின்பக்கம் தள்ளி மெதுவாக ஓடவிடலாம்.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் போடுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சமாகச் சொல்வது அதுதான். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு கிகாபைட் பிடிக்கும். 32 கிகாபைட் அட்டையில் முப்பது மணி நேரம். ஒலி அளவு காட்டும் முள் சராசரியாக மைனஸ் 18 டெசிபலிலும், சிரிப்பு வந்தால் மைனஸ் 6ஐத் தாண்டாமலும் இருந்தால் நிம்மதி.

கேள்வி கேட்பவரின் குரலும் தெளிவாக வேண்டும் என்றால் இரண்டு காலர் மைக் போட வேண்டிவரும். அதற்கு வாங்கும் பிரிப்புக் கம்பி ஹெட்ஃபோன் பகிரும் ‘ஒய்’ கம்பி அல்ல. ‘ஒய்’ கம்பி இரண்டு குரலையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு மைக் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று பிரித்துத் தரும் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கணினியில் உங்கள் ‘ம்... ம்...’களை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளலாம். கம்பியில்லா மைக்குகளை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. என் எல்லைக்குள் வருபவற்றில் பல கைப்பேசிக்கென்றே செய்தவை, 3.5 மில்லிமீட்டர் வழியாக ரெக்கார்டருக்குக் கொடுக்கும் ரிசீவர் அவற்றோடு வருவதில்லை.