"உங்க நெட் ஸ்லோ சார்"

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓடிக்கொண்டிருந்த பல அலுவலக வேலைகள் ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்குப் போயின. கூடவே ஒரு வசனமும் நிலைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஆபீஸ் மெயில் திறக்கவில்லை என்றால் ஐ.டி. பிரிவின் பதில்: "உங்க நெட் ஸ்லோ சார், ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்புங்க."

ஸ்பீட் டெஸ்ட் காட்டும் எண்ணை வைத்து மெயில் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் வாதம்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2004 கொள்கையில் 256 கே.பி.பி.எஸ்., 2013இல் 512, 2023இல் 2 எம்.பி.பி.எஸ். இது இறக்கும் வேகம். மெயில் அனுப்புவதோ ஏற்றும் வேலை. 6 எம்.பி. கோப்பை மெயிலில் இணைத்தால், அது எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 8 எம்.பி. ஆகிவிடும். ஏற்றும் வேகம் 512 கே.பி.பி.எஸ். என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் போனால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இதைவிடக் குழப்பமான கோளாறு ஒன்று உண்டு. யூடியூப் நன்றாக ஓடும். வி.பி.என். இணையும், லாகின் ஆகும், இரண்டு வரி மெயில்கள் வரும். ஆனால் இணைப்புள்ள மெயிலைத் தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படி இருந்தால் வேகத்தைச் சந்தேகிக்காதீர்கள்; பொட்டலத்தின் அளவைச் சந்தேகியுங்கள்.

ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் பி.பி.பி.ஓ.இ. லைனில் பொதுவாக 1492தான். அதற்குள் வி.பி.என். தன் உறையையும் சுற்றுகிறது. பெரிய பொட்டலம் அடங்காது. "இது பெரிசு, சின்னதா அனுப்பு" என்று வழியிலுள்ள ரூட்டர் திருப்பிச் சொல்ல ஐ.சி.எம்.பி. செய்தி இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியையே ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்புகிறவருக்கு விஷயமே தெரியாது. சின்ன மெயில் வரும், பெரிய மெயில் தொங்கும்.

சோதிப்பது எளிது. வி.பி.என்.னை அணைத்துவிட்டு, பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1472 பைட் அனுப்புங்கள், பிறகு 1464. முன்னது போகாமல் பின்னது போனால் உங்கள் லைனின் எல்லை 1492 (தலைப்புக்கு 28 பைட் சேரும்). இனி வி.பி.என். அமைப்பில் எம்.டி.யூ.வை 1300க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். அந்த அமைப்பு பெரும்பாலும் ஐ.டி. பிரிவின் கையில்தான் இருக்கும்.

இதனால்தான் அந்த வசனம் உறுத்துகிறது. அதை நம்பி ஊழியர் கைக்காசு போட்டு வேறு கனெக்ஷன் வாங்குவார். புதிய லைனும் பி.பி.பி.ஓ.இ.யாக இருந்தால் மெயில் பழையபடி தொங்கும். பதில் தாமதமானால், வேலையில் அக்கறை இல்லாதவர் என்ற பெயர் வேறு.

எல்லாப் பழியும் ஐ.டி. மேல் என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கேபிள் உண்மையிலேயே சொதப்பும். நூறு பிங் அனுப்பினால் எத்தனை தொலைகிறது என்று தெரிந்துவிடும். நிறையத் தொலைந்தால் லைன் கோளாறு. லைன் கொடுத்தவரைக் கூப்பிடலாம். ஒன்றும் தொலையாமல் பெரிய மெயில் மட்டும் தொங்கினால், ஸ்பீட் டெஸ்ட் படத்துக்குப் பதிலாக இந்தப் பிங் முடிவுகளை ஐ.டி.க்கு அனுப்புங்கள். அடுத்த கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.