ஆசிய ஜோதியும் பௌத்தர் பாவனையும்

நாஞ்சில் நாட்டுத் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் (1876–1954), எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலப் புலவர் 1879-இல் வெளியிட்ட புத்தர் காப்பியத்தைத் தழுவி இயற்றிய 'ஆசிய ஜோதி' 1941-இல் வெளிவந்தது. கவிமணி இளமையில் தமிழ் பயின்றது திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடத்தாம். சைவத் துறவியின் மாணாக்கர் புத்தரைப் பாடியது என்னையெனின், உயிர்க்கொலை விலக்கும் அருட்குணம் சைவர்க்கும் உரியதாகலின், பிம்பிசாரன் வேள்விச்சாலையில் ஆட்டுக்கு இரங்கி நின்ற பெருமானைப் பாடுதல் அவர்க்கு அயலாகாது என்க.

ஆயின் அந்நூலைக் கற்றோர் நெஞ்சில் நிலைப்பன அவ்வேள்விச்சாலையும், மகனை இழந்த தாயின் துயருமே. அதனால், புத்தர் கொள்கை இரக்கமன்றிப் பிறிதில்லையெனவும், அதற்கும் சைவத்திற்கும் வேற்றுமை காண்டல் வீண் எனவும் எண்ணிவிடுதல் எளிதாகின்றது. அவ்வெண்ணம் இரு சமயத்தார்க்கும் ஒவ்வாது. புத்தர் தம் மாணாக்கர்க்கு விதித்த பாவனையை நோக்கிய பின்னரே ஒப்புமையும் வேற்றுமையும் துணியப்படும்.

அப்பாவனையைப் பாளி மொழியில் மச்சிம நிகாயத்துப் பத்தாவதாகிய சதிபட்டான சூத்திரம் விரித்துரைக்கின்றது. உடல், நுகர்ச்சி, உள்ளம், தருமங்கள் என்னும் நான்கினையும் இடையறாது நோக்கி நிற்றலே அதன் சாரம். நெடுமூச்சு விடுவோன் அதனை நெடியதென்றும், குறுமூச்சு விடுவோன் குறியதென்றும் அறிதல் வேண்டும். ஈண்டு மூச்சினை அடக்குதலில்லை. பூரகம், கும்பகம், இரேசகம் என்னும் அளவைகளுமில்லை. திருமூலர் மூன்றாந் தந்திரத்திற் கூறும் பிராணாயாமத்தின் இது வேறாதல் காண்க. இன்பம் வரின் இன்பமெனவும், சினம் எழின் சினமெனவும் உணர்ந்து, எதனையும் 'யான்' என்றும் 'எனது' என்றும் பற்றாதிருத்தல் அதன் பயன்.

தமிழில் இதற்குச் சான்று வேண்டுவோர் மணிமேகலையின் முப்பதாங் காதையை நோக்குக. அறவணவடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அறிவுறுத்துழி, பற்றினை அறுக்க அநித்தம், துக்கம், அநான்மா, அசுசி என்பவற்றையும், வெகுளியை அறுக்க மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றையும் ஓதுவர். மயக்கம் நீங்குதற்கு அவர் கூறுவன சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை. இந்நான்கும், சிவஞானசித்தியார் சுபக்கம் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கினோடு எத்துணை நெருங்கி நிற்கின்றன! இவ்வொப்புமையைக் கண்டு அஞ்சுதல் வேண்டா.

பிரிவு நிகழுமிடம் வேறு. சித்தாந்தம் கூறும் தசகாரியங்களுள், தத்துவங்களை இன்னவென உணர்தல் தத்துவரூபம். அவை சடமெனக் காண்டல் தத்துவதரிசனம். அவற்றினின்றும் நீங்கி நிற்றல் தத்துவசுத்தி. பௌத்தர் பாவனை பெரும்பாலும் இம்மூன்றின் எல்லையுள் அடங்கும். உடலும் நானல்லேன், நுகர்ச்சியும் நானல்லேன் எனக் கழித்துச் சென்றவர், கழித்தற்குப்பின் எஞ்சுவது யாதுமில்லை என்பர். 'சதி' என்பதோ 'ஸ்மிருதி' என்னும் வடசொல்லின் பாளி வடிவம். நினைவு என்பதே அதன் பொருள். கணந்தோறும் அறிவு தோன்றிக் கெடுமாயின், முன்னர் எழுந்த சினத்தையும் பின்னர் அது தணிந்தமையையும் ஒருங்கே நினைப்பவர் யார்? முன்னைக் கணம் தன் வாசனையைப் பின்னைக் கணத்திற்கு ஈந்து செல்லும், விளக்கினின்று விளக்கேற்றுமாறு போல என்பது அவர் விடை. நுண்ணிய விடையே. எனினும் ஏற்றப்பட்ட விளக்கு ஏற்றிய விளக்கை அறிவதில்லை. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம், இது இல்லையென மறுத்துரைக்கும் அறிவொன்று உண்மையை முதலேதுவாகக் கொண்டே உயிருண்மை நாட்டத் தொடங்குகின்றது.

1979-இல் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்பார் இந்நோக்குப் பயிற்சியை நோயாளர்க்கு மனவழுத்தந் தணிக்கும் பொருட்டுக் கற்பிக்கத் தொடங்கினார். பிறவி, வீடு என்னும் ஆராய்ச்சி அதன்கண் இல்லை. மருந்தாகக் கொள்ளுதற்கு இழுக்கில்லை. அதனையே புத்தர் நெறி எனல் பிழை.

அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் மறுத்தது சௌத்திராந்திகர் முதலிய நால்வகைப் பௌத்தர் கொள்கைகளையாம். பாவனைப் பயிற்சியை அன்று. ஆகலின் பரபக்கம் ஒன்றையே கற்றுப் பௌத்தரை முற்றும் அறிந்தோமென்பாரும், ஆசிய ஜோதி ஒன்றையே கற்று அவ்வாறு கூறுவாரும் ஒரே நிலையினரே. தத்துவசுத்திக்குமேல் ஆன்மரூபம் முதலாகச் சிவபோகம் ஈறாக ஏழு படிகள் உள. அவற்றை இல்லையென்பாரோடு வழக்கிடுவோர், முதன் மூன்றில் அவர் உழைத்த உழைப்பினை அளந்தறிந்தே வழக்கிடுதல் முறை.