வாடிவாசலில் நின்ற விமரிசகர்

தமிழில் நாவல் எழுதியவர்கள் பலர். விமரிசனம் எழுதியவர்களும், தொகையில் சற்றுக் குறைவாயினும், பலர்தாம். ஆனால் நாவலில் தாம் சாதித்ததையே விமரிசனத்தில் பிறரிடம் எதிர்பார்த்து, விமரிசனத்தில் வற்புறுத்தியதையே மீண்டும் தம் நாவலில் செய்துகாட்டி, இரண்டையும் ஒரே தொழிலின் இரு கைகளாக ஆக்கிக்கொண்டவர் யார் என்று யோசிக்கும்போது, என் மனம் முதலில் சென்று நிற்பது சி. சு. செல்லப்பாவிடம். 1912-ல் பிறந்து 1998-ல் மறைந்த அவர், 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதிய ராஜமையரையும், 'மணிக்கொடி'யின் பி. எஸ். ராமையாவையும் நமக்குத் தந்த வத்தலக்குண்டைச் சேர்ந்தவர் என்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் அந்தச் சிறிய ஊரின் பெயரைத் தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிற எவரும் விட்டுவிட முடியாது.

அவருடைய புனைகதைகளில் அளவில் சிறியதும் கலையில் பெரியதும் 'வாடிவாசல்'. 1959-ல் புத்தக வடிவம் பெற்ற இதை ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். செல்லாயி கோயில் திருவிழாவை ஒட்டிப் பெரியபட்டியில் நடக்கும் ஜல்லிக்கட்டுக்கு உசிலனூர்ப் பிச்சி தன் மச்சான் மருதனோடு வந்து நிற்கிறான். ஜமீன்தாரின் காரிக்காளைதான் அவன் தகப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்தது. அந்தக் காளையை இன்று அவன் அணைய வேண்டும். கதை இவ்வளவே. இதைச் சொல்ல மற்றொருவர் வந்திருந்தால், அம்புலியின் பால்யத்திலிருந்து தொடங்கி, அவன் மனைவியின் கண்ணீரில் ஓர் அத்தியாயத்தை நனைத்து, மகன் சபதம் செய்யும் காட்சிக்கு இன்னோர் அத்தியாயத்தை ஒதுக்கி, நூறு பக்கம் கடந்த பிறகே நம்மை வாடிவாசலுக்கு அழைத்து வந்திருப்பார். செல்லப்பாவோ நம்மை முதற் பக்கத்திலேயே கூட்டத்துக்குள் தள்ளிவிட்டு, திட்டிவாசலின் அடைப்புக்கு வெளியே தோளோடு தோள் இடிபட நிற்கவைத்து, முன்கதையைப் பேச்சின் இடுக்குகளில் மட்டும், அதுவும் பேசுகிறவனுக்கே வாய் தவறி வந்ததுபோல, சிறிது சிறிதாகக் கசியவிடுகிறார்.

இதில் என்னை ஒவ்வொரு வாசிப்பிலும் வியக்கவைப்பது, காரி எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதே. அதன் பெயர் முதலிலேயே காதில் விழுந்துவிடுகிறது. ஆனால் அது வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் வேறு காளைகள் வருகின்றன. அவற்றின் நிறமும், கொம்பின் வளைவும், நின்று விளையாடுவதா, வெளியே வந்ததும் பறந்துவிடுவதா என்ற சுபாவமும் கூட்டத்தின் வாயால் அலசப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றைப் பிச்சி அணைகிறான். கதையை நீட்டுவதற்காகச் செய்த உபாயம் என்று மேலோட்டமாகப் படிப்பவர்கள் இதை நினைக்கக்கூடும். உண்மையில் அது ஒரு சிக்ஷை. திமிலில் கை விழுவதற்கும் கொம்பில் கை விழுவதற்கும் என்ன வித்தியாசம், எத்தனை தவ்வுக்குத் தாக்குப்பிடித்தால் மாடு பிடிபட்டதாகக் கணக்கு, எந்த நிமிஷத்தில் விடாப்பிடி வீரமாகவும் எந்த நிமிஷத்தில் தற்கொலையாகவும் ஆகும் என்பதையெல்லாம், போதிக்கப்படுகிறோம் என்ற உணர்வே இல்லாமல், நாம் அந்த முந்தைய காளைகளிடம் கற்றுக்கொண்டுவிடுகிறோம். ஆகவே, காரி வாசலில் தலை நீட்டும் கணத்தில் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லை; பிச்சியின் ஒவ்வோர் அடியையும் எடைபோடத் தெரிந்த ரசிகர்களாகிவிட்டோம். ஒரு கதாசிரியர் தம் உச்சக் காட்சிக்கு வேண்டிய ரசிகனைத் தாமே, அந்தக் கதைக்குள்ளேயே, தயாரித்துக்கொள்ளும் இந்த வித்தைக்கு இணையாகத் தமிழில் வேறொன்றை நான் கண்டதில்லை.

அந்தச் சிக்ஷையை நடத்துகிற ஆசான் ஒருவர் கதைக்குள்ளேயே இருக்கிறார். அடைப்பருகே நின்று, வந்த இளைஞர்களோடு பேச்சுக்கொடுக்கிற கிழவரைத்தான் சொல்கிறேன். அவர் காளையைத் தொடுவதில்லை. தொடும் வயது கடந்துவிட்டது. ஆனால் எத்தனையோ வருஷங்களின் ஜல்லிக்கட்டுகள் அவர் ஞாபகத்தில் வரிசையாக நிற்கின்றன. இன்றைய காளையை அன்றைய காளையோடு ஒப்பிடுகிறார். வெறும் ஆர்ப்பாட்டத்தையும் உண்மையான வித்தையையும் பிரித்துச் சொல்கிறார். பிச்சி யார் மகன் என்பதைக் கண்டுகொள்கிறார். மரபை முழுக்க அறிந்து, அந்த அறிவின் வெளிச்சத்தில் புதிதாக வந்தவனை அடையாளம் கண்டுகொள்ளும் இந்த மனிதர் யார்? நாவலாசிரியர் செல்லப்பா விமரிசகர் செல்லப்பாவுக்கு அளித்த இடம் அது என்பதே என் திடமான அபிப்பிராயம். வாடிவாசலின் ஓரத்தில் நின்று அந்தக் கிழவர் காளைகளுக்குச் செய்வதைத்தான், அதே 1959-ல் தொடங்கிய 'எழுத்து'ப் பத்திரிகையின் பக்கங்களில் செல்லப்பா கதைகளுக்கும் கவிதைகளுக்கும் செய்துவந்தார்.

நான் இதை எழுதுகிற கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்தில் ஜல்லிக்கட்டு வழக்கமில்லை. இங்கே ஏரிப் பாசன நெல்லும், பழவேற்காட்டு மீனும், கடந்த சில பத்தாண்டுகளாக சிப்காட்டின் புகைபோக்கிகளும் உண்டு; வாடிவாசல் இல்லை. ஆலைகளில் வேலைக்கு வந்த தென்மாவட்டத்து இளைஞர்கள் பொங்கலுக்கு ரயிலேறும்போது காளைகளைப் பற்றிப் பேசுவது காதில் விழும்; இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு பாதிதான் விளங்கும். ஆயினும் 'வாடிவாசலை' வாசித்து முடித்த பொன்னேரிக்காரர் ஒருவர், மாடு அணையும் கணக்குகளைப் பற்றி மதுரைக்காரரோடு சரிசமமாக வாதம் செய்யக்கூடும். பிரதேச மணம் என்று நாம் பொதுவாகப் புகழ்வது, அந்தப் பிரதேசத்தாருக்கு மட்டும் இனிப்பதாக நின்றுவிட்டால் அது கலையின் முழு வெற்றி ஆகாது. மதுரைச் சீமையின் கொச்சையைக் கொஞ்சமும் மழுப்பாமல் எழுதி, அடிக்குறிப்பு எதுவும் வேண்டாமல், வடகோடியில் இருக்கிறவனையும் உள்ளே இழுத்துக்கொண்டதுதான் செல்லப்பாவின் வெற்றி.

விமரிசகராக அவர் கையாண்ட முறைக்கு 'அலசல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்து உருக்காலைகளில், உருட்டி வந்த கம்பியின் தரத்தை அதன் பளபளப்பைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் இரு முனையையும் பற்றி, அறும் வரையில் இழுத்து, எவ்வளவு நீண்டது, எங்கே மெலிந்தது, எப்படி அறுந்தது என்று பார்த்த பிறகே சீட்டு எழுதுகிறார்கள். செல்லப்பா ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டால் அப்படித்தான். நன்றாயிருக்கிறது என்று சொல்லி நகர்வது அவருக்குப் பாவம். எந்த வாக்கியத்தில் தொனி மாறியது, யாருடைய பார்வையில் சம்பவம் சொல்லப்படுகிறது, முடிவுக்கான வித்து எங்கே ஊன்றப்பட்டது என்று, வாசகனுக்கு அலுப்புத் தட்டினாலும் பரவாயில்லை என்கிற பிடிவாதத்தோடு இழுத்துப் பார்ப்பார். அவருடைய 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்ற நூல் இந்தப் பிடிவாதத்தின் நல்ல பலன்.

அவரை ஒத்த வயதினரும், அவரைப் போலவே நாவலாசிரியரும் விமரிசகருமான க. நா. சுப்ரமண்யம் வேறு வழியில் போனார். நிறையப் படித்துப் பக்குவப்பட்ட ரஸனை ஒரு நூலைத் தொட்டதும் அதன் தரத்தைச் சொல்லிவிடும் என்பது க. நா. சு.வின் நம்பிக்கை, சொன்னதற்குக் காரணம் காட்டு என்பது செல்லப்பாவின் கட்சி. இந்த விவாதத்தில் இருவரும் மனம் கசந்ததும் உண்டு. ரஸனையின் கூர்மையில் க. நா. சு. ஒருபடி மேல் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் எப்படி வாசிப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிற இளைஞனை நான் செல்லப்பாவிடம்தான் அனுப்புவேன்.

'எழுத்து' 119 இதழ்கள் வந்து 1970-ல் நின்றது. பிச்சமூர்த்தி தொடங்கிவைத்த புதுக்கவிதை ஓர் இயக்கமாக உருக்கொண்டது அதன் பக்கங்களில்தான். பசுவய்யா, தருமு சிவராமு, சி. மணி, வைதீஸ்வரன் முதலானோரின் கவிதைகளைச் சேர்த்து 1962-ல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுதியும் வந்தது. வெங்கட் சாமிநாதன் விமரிசகராக அறிமுகமானதும் அங்கேதான். இத்தனையும் செய்த மனிதர், தாமே பதிப்பித்த புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். வறுமையைக் காட்டி இரக்கம் தேடியவர் அல்லர். தமிழ் வாசகன் எங்கோ இருக்கிறான், அவனிடம் நான்தான் போக வேண்டும் என்ற விசுவாசமே அந்த மூட்டையைத் தூக்கவைத்தது.

இந்த விசுவாசம் நம் மொழிக்கு மட்டும் உரிய விசேஷம் அல்ல. பழவேற்காட்டில் அரபு வணிகரின் வழிவந்தோராகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. தமிழை அரபு லிபியில் எழுதிய வழக்கமும் இந்தக் கடற்கரைக்கு அந்நியமன்று. அந்த நினைவு எழும்போது, தமிழைப் போலவே நெடிய கவிதை மரபு கொண்ட அரபு மொழியில் உரைநடைப் புனைவு பட்ட பாட்டையும் சேர்த்து எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகச் செய்யுளையே இலக்கியமென்று பூஜித்த சமூகத்தில் நாவலாசிரியன் நாவலை மட்டும் எழுதினால் போதாது. அதை வாசிக்கும் கண்ணையும் அவனே திறக்க வேண்டியிருக்கிறது. பாலபருவத்திலேயே பார்வையை இழந்த எகிப்தியர் தாஹா ஹுசைன், இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுக் கவிதையின் தொன்மையைச் சந்தேகித்து 1926-ல் எழுதிய ஆராய்ச்சியால் பெரும் புயலை எழுப்பினார். அதே மனிதர் தம் இளமைக் காலத்தை, தம்மையே படர்க்கையில் வைத்து, நாவலின் நயத்தோடு எழுதிக் கொடுத்தார். பாலஸ்தீனத்திலிருந்து 1948-ல் பெயர்ந்து பாக்தாதில் நிலைகொண்ட ஜப்ரா இப்ராஹிம் ஜப்ரா, விமரிசனமும் ஓவியமும் மொழிபெயர்ப்புமாக வாழ்ந்தவர்; ஃபாக்னரையும் ஷேக்ஸ்பியரையும் அரபியில் கொணர்ந்த கையே, மத்தியதரைக் கடலில் செல்லும் ஒரு கப்பலின் பயணிகளைப் பல குரல்களில் பேசவைத்து 1970-ல் வெளியான நாவலையும் எழுதிற்று. செல்லப்பா இவர்களை வாசித்தாரா என்பது இங்கே முக்கியமன்று. தேவை ஒன்றாக இருந்ததால் இவர்கள் ஒரே குலத்தவர் ஆனார்கள்.

'வாடிவாசலின்' ஆரவாரத்திலிருந்து 1962-ல் புத்தகமான 'ஜீவனாம்ச'த்துக்குள் நுழைகிறவர், இரண்டையும் எழுதியது ஒருவர்தானா என்று திகைக்கக்கூடும். முன்னதில் எல்லாம் வெளியே, வெயிலில், ஆயிரம் கண்களின் எதிரில். பின்னதில் எல்லாம் ஒரு வீட்டுக்குள், ஓர் இளம் விதவையின் மனத்துக்குள். சாவித்திரி அண்ணன் வீட்டில் இருக்கிறாள். புக்ககத்தாரிடமிருந்து அவளுக்குச் சேர வேண்டியதற்காக வழக்கு நடக்கிறது. வழக்கு ஒரு திசையில் போக, அவள் நினைவோட்டம் வேறொரு திசையில் மெல்லத் திரும்புகிறது. நனவோடை உத்தியை மேல்நாட்டார் கையாண்டது பெரும்பாலும் நகரத்து மனங்களைச் சொல்வதற்கு. செல்லப்பா அதை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே வாய் திறக்காமல் நடமாடும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். சாவித்திரி எடுக்கும் முடிவு இன்றைய வாசகர்களுள் பலருக்கு உவப்பாயிராது. எனக்கும் அந்த முடிவின் நியாயத்தில் சந்தேகமுண்டு. ஆனால் அந்த மனம் அங்கே போய்ச் சேர்ந்த பாதையில் ஒரு தப்பான அடி இல்லை.

தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை கண்டவராதலால், அந்தக் காலத்தை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்ற தாபம் அவரை இறுதிவரை விடவில்லை. எண்பது வயதைக் கடந்த நிலையில் மூன்று பெரும் பாகங்களாக 1997-ல் 'சுதந்திர தாக'த்தை வெளியிட்டார். சாகித்ய அகாதெமி விருது 2001-ல் வந்தபோது அவர் இல்லை. அந்த நூலில் சாசனத்தின் மதிப்பு மிகுதி, சிற்பத்தின் இறுக்கம் குறைவு. ஒரு சொல்லையும் வீணாக்காத 'வாடிவாசல்' ஆசிரியர் அதில் எதையும் விட மனமின்றி எழுதியிருக்கிறார். அதற்காக நான் அவரைக் குறை சொல்லத் துணியேன். அந்தத் தலைமுறை பட்டதைப் பட்டவரே சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

'வாடிவாசல்' கல்யாண் ராமன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. 2023-ல் பெருமாள்முருகனின் ஆக்கத்திலும் அப்புப்பென்னின் சித்திரங்களிலும் ஆங்கிலப் படக்கதையாகவும் வந்திருக்கிறது. காரியின் கறுத்த உடலும் ஜமீன்தாரின் துப்பாக்கியும் சித்திரத்தில் பயங்கரமாக எழும்புவது இயல்பே. அந்தக் கிழவரின் பேச்சை, அதன் இழுவையோடும் தயக்கத்தோடும், இடையில் அவர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்களோடும் கேட்பதற்கோ செல்லப்பாவின் தமிழுக்குத்தான் வர வேண்டும். படக்கதையைப் புரட்டிய இளைஞர்கள் மூலத்தையும் கையில் எடுத்து, முதல் பத்துப் பக்கங்களை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.