அறுபது நிமிடங்கள்: பழைய ஆட்டமும் புதிய எந்திரமும்

உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். 2011இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்தது. 'மாமா, நீங்க சொல்வீங்கள்ல அந்த பிரின்ஸ் கேமு, இதுல ஓட மாட்டேங்குது.'

ஓடாதுதான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1990இல் டாஸ் கணினிக்கு வந்தது. அது 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுக்கும். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருளை இறக்கினோம். புது எந்திரத்துக்குள் உட்கார்ந்து பழைய எந்திரமாக வேஷம் கட்டுவதுதான் அதன் வேலை. அக்கால ஆட்டங்கள் பல, கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. இன்றைய வேகத்தில் விட்டால் தறிகெட்டு ஓடும். ஆகவே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வசதியுண்டு. இளவரசன் ஓடினான். பையனுக்குச் சந்தோஷம். எனக்கு என்னவோ உறுத்தியது.

முதலில் நகல் பற்றி. 90களின் மதுரையில் இந்த ஆட்டத்தை விலைக்கு வாங்கிய ஒருவரையும் நானறியேன். ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குத் தாவித்தான் எங்களை வந்தடைந்தது. ஆக்கியவர் ஜோர்டன் மெக்னர், 1989இல் ஆப்பிள் கணினிக்கு எழுதிய மூலநிரலைத் தொலைத்துவிட்டிருந்தார். அவருடைய அப்பா வட்டுகளைக் கண்டெடுக்க, 2012இல்தான் அது வெளிவந்தது. அதுவரை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்களில் 'திருடர்கள்' என்று சொல்லப்பட்ட நாங்களும் உண்டு. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று நம் சிறுபத்திரிகைகளில் எழுதித் தீர்த்தோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, செத்த பிறகும் 60 ஆண்டு பொறு என்கிறது. முறையாக வாங்கியவர் காப்புப்படி எடுத்துக்கொள்ளலாமாம். வாங்க முடியாதவனின் நகல்? அது குற்றம். எந்த அதிகாரம் எதைப் 'பாதுகாப்பு' என்கிறது, எதைத் 'திருட்டு' என்கிறது என்பது இங்கே துலக்கமாகிறது.

ஆனால் நம்மைத் தியாகிகளாக்கிக்கொள்ளும் இந்தக் கதையாடலையும் சந்தேகிக்க வேண்டும். ஆட்டத்தில் இளவரசியை மீட்க 60 நிமிடம். செத்தால் உயிர் திரும்பக் கிடைக்கும், போன நேரம் கிடைக்காது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஒதுக்கிய பயிற்சி நேரமும் ஒரு மணிதான்; ஒரு எந்திரத்துக்கு இருவர். கீபோர்டு யார் கைக்குப் போகும்? ஃபீஸைத் தவணை சொல்லாமல் கட்டியவன் கைக்கு. உடன் படித்த பெண்கள் வேர்ட்ஸ்டாரில் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இளவரசியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். குளிர்சாதன அறைக்குள் தூசி வரக்கூடாதென்று செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். எல்லாருக்கும் பொதுவான விதிதான். ஆனால் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாதென்று தடுக்கப்பட்ட சேரியிலிருந்து வந்த என் கூட்டாளிக்கு அது தூசி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. மூன்றாம் வாரத்தோடு அவன் நின்றுவிட்டான். ஏன்டா வரலை என்று நான் கேட்கவும் இல்லை.

டாஸ்பாக்ஸ் எந்திரத்தை மீட்கிறது. அந்த அறையை மீட்பதில்லை. அறையைக் கழித்துவிட்டுப் பிரதியை மட்டும் மீட்கும்போது மிஞ்சுவது பழைய நினைவின் இனிப்புதான். நிரலைக் காப்பாற்ற உலகமெங்கும் ஆளிருக்கிறது. உள்ளே யார் உட்கார்ந்தார்கள், யார் வாசலோடு திரும்பினார்கள் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். 'அவரு இப்ப எங்க மாமா இருக்காரு?' என்றான்.